வந்தாப்ல: பன்மொழிப் பேச்சறிதலும் எழுதப்படாத தமிழும்

1. ஒரு வாக்கியம்

தேனிப் பக்கத்து விவசாயி ஒருவரின் நேர்காணல் பதிவை எழுத்தாக்கும் வேலை ஒருமுறை என்னிடம் வந்தது. கிணற்றுப் பங்கு தொடர்பாக எப்போதோ நடந்த தகராறு ஒன்றைச் சொல்லிக்கொண்டே வந்தவர், நடுவில் இப்படிச் சொல்கிறார்: "அன்னைக்குக் காலையிலயே மாப்ள வந்துட்டாப்ல." பல மொழிகளைக் கேட்டு எழுதும் மென்பொருள் ஒன்றில் அந்தப் பதிவை இட்டேன். அது எழுதித் தந்தது: "அன்றைக்குக் காலையிலேயே மாப்பிள்ளை வந்துவிட்டார் போல."

எழுத்துப்பிழை கிடையாது, சந்திப்பிழை கிடையாது. பத்திரிகையில் அப்படியே அச்சிடலாம். ஆனால் அவர் சொன்னது இதுவல்ல. மதுரை, தேனி வட்டாரங்களில் 'ஆப்ல' என்பது ஓர் ஆணைப் பற்றி அளவான மரியாதையோடு பேசும்போது வரும் வினைமுடிவு. 'வந்தான்' என்றால் மரியாதை குறையும். 'வந்தார்' என்றால் நெருக்கம் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது 'வந்தாப்ல'. எழுத்துத் தமிழில் இதற்கு நேரான வடிவமே இல்லை. இயந்திரம் அதை 'போல' என்று எடுத்துக்கொண்டது. கண்ணால் கண்டதைச் சொன்ன மனிதர், ஊகத்தைச் சொன்னவர் ஆகிவிட்டார். தகராறு பற்றிய சாட்சியத்தில் இது சிறிய மாற்றம் அல்ல.

பன்மொழிப் பேச்சறிதல் அமைப்பு ஒன்று தன் பட்டியலில் தமிழையும் சேர்த்திருக்கிறது என்றால், அது கேட்டு எழுதுவது எந்தத் தமிழை? இந்தக் கட்டுரை ஆராயும் கேள்வி இதுதான். சிக்கலின் வேர் கணினியின் கற்கும் திறனில் இருப்பதாகப் பொதுவாக எண்ணப்படுகிறது. பேச்சுத் தமிழை எப்படி எழுதுவது, எழுதியதைச் சரியா தவறா என்று எப்படி அளப்பது என்ற இரண்டும் முடிவாகாமல் கிடப்பதில்தான் வேர் இருக்கிறது என்பது என் வாதம்.

2. தனி மொழியிலிருந்து ஒரே மாதிரிக்கு

பழைய பேச்சறிதல் அமைப்பில் மூன்று பாகங்கள் இருந்தன: ஒலியை அறியும் மாதிரி, ஒவ்வொரு சொல்லும் எப்படி உச்சரிக்கப்படும் என்று சொல்லும் அகராதி, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று கணிக்கும் மொழி மாதிரி. மூன்றையும் ஒவ்வொரு மொழிக்கும் தனியாகச் செய்ய வேண்டும். உச்சரிப்பு அகராதிக்கு மொழியியலாளர் உட்கார்ந்து உழைக்க வேண்டும். பணமும் ஆளும் உள்ள மொழிகளே அந்தக் காலத்தில் முன்னேறின.

ஒலியிலிருந்து நேரே எழுத்துக்குப் போகும் நரம்பு வலைப்பின்னல்கள் வந்தபோது இந்தக் கட்டு தளர்ந்தது. 2018-இல் கூகுள் ஆய்வாளர்கள் தமிழ் உட்பட ஒன்பது இந்திய மொழிகளை ஒரே மாதிரியில் சேர்த்துப் பயிற்றுவித்தார்கள். எந்த மொழி என்று சொல்லாமலேயே, மொழிக்கொன்றாகப் பயிற்றுவித்த மாதிரிகளைவிட அது ஒப்பீட்டளவில் 21 விழுக்காடு மேம்பட்டது. மொழியின் பெயரையும் சேர்த்துக் கொடுத்தபோது மேலும் 7 விழுக்காடு. அண்டை மொழிகள் ஒன்றின் ஒலியை மற்றொன்று அறிந்துகொள்ள உதவுகின்றன என்பதற்கு இது நல்ல சான்று. தமிழின் 'ட'வும் தெலுங்கின் 'ட'வும் நாக்கை மடக்கி எழுப்பும் ஒலிகளே. ஒன்றைக் கற்ற காது மற்றொன்றைப் பாதி கற்றுவிடுகிறது.

அதன் பிறகு அளவு பெருகியது. மெட்டாவின் எக்ஸ்எல்எஸ்-ஆர் (2021) எழுத்துவடிவம் இல்லாத வெறும் ஒலியாக 128 மொழிகளில் 4,36,000 மணி நேரம் கேட்டது. ஓபன்ஏஐயின் விஸ்பர் (2022) இணையத்திலிருந்து திரட்டிய, எழுத்தோடு கூடிய 6,80,000 மணி நேரத்தில் பயின்றது. அதில் ஆங்கிலம் தவிர்த்த 96 மொழிகளின் ஒலிக்கு அந்தந்த மொழியிலேயே எழுத்துள்ள பகுதி 1,17,000 மணி மட்டுமே. 2023-இல் மெட்டாவின் மற்றொரு திட்டம் 1,107 மொழிகளைத் தொட்டது.

இந்த எண்களைப் பார்த்து மலைத்துவிடாமல், விஸ்பர் குழுவே தம் ஆய்வறிக்கையில் எழுதிவைத்த இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது: பயிற்சித் தரவு 16 மடங்கு பெருகினால் சொற்பிழை பாதியாகக் குறைகிறது என்பது பொதுப்போக்கு. ஆனால் தெலுங்கு, எபிரேயம், சீனம், கொரியம் ஆகியவை அந்தப் போக்குக்குக் கீழே தங்கிவிடுகின்றன; தனி எழுத்துமுறை உடையவை, இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்திலிருந்து விலகியவை என்பதைக் காரணமாக அவர்கள் சுட்டுகிறார்கள். தெலுங்குக்கு நேர்ந்தது தமிழுக்கு அந்நியமாக இருக்க முடியாது.

இரண்டாவது வெல்ஷ் மொழியின் கதை. அதற்கு 9,000 மணி நேர மொழிபெயர்ப்புத் தரவு இருப்பதாகக் கணக்கு சொன்னது. மதிப்பெண்ணோ மிகக் குறைவு. ஏன் என்று தேடிப் பார்த்தபோது, அந்தத் தரவில் பெரும்பகுதி ஆங்கிலப் பேச்சு, ஆங்கில எழுத்து. மொழியை அடையாளம் காணும் கருவி அதை வெல்ஷ் என்று தவறாகப் பெயரிட்டிருந்தது. தங்கள் பிழையைத் தாங்களே தேடி வெளியிட்ட அந்தக் குழுவின் நேர்மையை மதிக்கிறேன். ஒரு மொழியின் பெயரில் எத்தனை மணி நேரம் சேர்ந்திருக்கிறது என்ற எண்ணுக்கும் அந்த மொழி அங்கே இருப்பதற்கும் தொடர்பு இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதை இது காட்டிக்கொடுக்கிறது.

சேர்ந்து கற்பதற்கும் ஓர் எல்லை உண்டு. நூறு மொழிகளில் பயின்ற எக்ஸ்எல்எம்-ஆர் என்ற மொழி மாதிரியை உருவாக்கியவர்கள் 2020-இல் இதற்குப் 'பன்மொழிமையின் சாபம்' என்று பெயர் வைத்தார்கள். மாதிரியின் கொள்ளளவு மாறாமல் மொழிகளை மட்டும் கூட்டிக்கொண்டே போனால், தரவு குறைந்த மொழிகள் ஓரளவுக்குப் பயன்பெறும். ஒரு கட்டத்துக்குப் பிறகு எல்லா மொழிகளுமே சரியத் தொடங்கும்.

3. ஓர் எழுத்து, பல ஒலி

தமிழ் எழுத்து சிக்கனமானது. வல்லின எழுத்து ஆறுதான். அவை நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒலி மாறும். 'கடல்' என்பதில் மொழிமுதல் ககரம் வலித்து ஒலிக்கும், 'தங்க'த்தில் மெல்லினத்தை அடுத்து அதிரும், 'அக'த்தில் உயிர்களுக்கு நடுவே நெகிழும், 'அக்கா'வில் இரட்டித்து மறுபடி வலிக்கும். 1856-இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் இதைத் திராவிட மொழியியலின் முக்கிய விதிகளுள் ஒன்றாக விளக்கினார். பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே தமிழ்க் குழந்தை இந்த விதியைப் பேச்சில் கடைப்பிடிக்கிறது.

இந்திய மொழிகள் பலவற்றுக்குப் பேச்சு உருவாக்கும் அமைப்பைச் செய்தபோது, சென்னை ஐஐடியில் ஹேமா மூர்த்தியும் உடன் பணியாற்றியவர்களும் 2013 வாக்கில் ஒரு பொதுக் குறித்தொகுதியை முன்வைத்தார்கள். வெவ்வேறு மொழிகளில் ஒரேபோல் ஒலிக்கும் எழுத்துகளுக்கு ஒரே ரோமன் பெயர் என்பது அதன் அடிப்படை. ஒரு மொழிக்குச் செய்த வேலை அடுத்ததற்கு உதவும். இந்தத் துறையில் நம் மண்ணிலிருந்து வந்த தெளிவான யோசனைகளில் இது ஒன்று. ஆனால் கன்னடத்திலோ தெலுங்கிலோ எழுத்தைப் பார்த்தால் ஒலி தெரிந்துவிடும். தமிழில் எழுத்தோடு அது நிற்கும் இடத்தையும் பார்த்தாக வேண்டும். தமிழுக்கென்று தனி விதிகளைச் சேர்த்துத்தான் இந்தப் பொதுமையை எட்ட முடிந்தது.

இட விதியும் எல்லா இடத்திலும் கைகொடுப்பதில்லை. காலையில் வாசலைப் பார்த்து வீட்டுக்காரம்மா கேட்கிறார்: "பாலு வந்தாச்சா?" கேட்டது பாலையா, பாலு என்ற பையனையா? காதுக்குச் சந்தேகமே வராது. முன்னதில் பகரம் வலிக்கிறது, பின்னதில் அதிர்கிறது. எழுதிய பிறகு இரண்டும் ஒன்றுதான். பேச்சை எழுத்தாக்கும் இயந்திரத்துக்கு இதனால் தொல்லை குறைவு. இரண்டு ஒலியையும் ஒரே எழுத்தில் போட்டுவிடலாம். எழுத்தைப் பேச்சாக்கும் இயந்திரத்துக்கோ எழுத்திலிருந்து எந்தத் துப்பும் கிடைக்காது. காந்தி, டாக்டர், பஸ் என்று மொழிமுதலில் அதிரும் சொற்கள் அன்றாடப் பேச்சில் ஏராளம்.

கணினிக்குள் எழுத்து சேமிக்கப்படும் முறையையும் இங்கே ஒருவரி சொல்லிவிட வேண்டும். 'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது ஐந்து குறியீட்டுப் புள்ளிகள்: தகரம், மகரம், இகரக்குறி, ழகரம், புள்ளி. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வீதம் 15 பைட். மொழி மாதிரிகள் எழுத்தை டோக்கன்களாக நறுக்கும் விதத்தை ஆராய்ந்த 2023-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, ஒரே செய்திக்கு மொழிக்கு மொழி 15 மடங்குவரை வேறுபாடு இருப்பதைக் காட்டியது. டோக்கன் கணக்கில் கட்டணம் வாங்கும் சேவைகளில், ஒரே விஷயத்தைச் சொல்ல ஒரு மொழிக்காரர் மற்றவரைவிட அதிகம் செலவழிக்கிறார் என்று இதற்குப் பொருள்.

4. தரவுக்குள் இருக்கும் தமிழ்

ஓர் இயந்திரம் எந்தத் தமிழைக் கேட்கும் என்பதை, அது எந்தத் தமிழைக் கேட்டு வளர்ந்தது என்பதே முடிவு செய்கிறது. அதனால் தரவுகள் எங்கிருந்து வந்தன என்று பார்ப்பது அவசியம்.

1,107 மொழிகளைத் தொட்ட மெட்டாவின் திட்டத்துக்கு மூலம், புதிய ஏற்பாட்டின் வாசிப்புகள். உலகில் மிகப் பல மொழிகளில் எழுத்தும் ஒலியும் சேர்ந்து கிடைக்கும் நூல் அதுதான் என்பதால் ஆய்வாளர்களின் தேர்வில் தவறு காண முடியாது. ஆனால் 1714-15-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சிட்ட காலம் தொட்டு விவிலியத் தமிழுக்கென்று தனி நடை வளர்ந்து வந்திருக்கிறது. அதை வாசிப்பவர் பயபக்தியோடு, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி வாசிப்பார். சந்தையில் அப்படி யாரும் பேசுவதில்லை.

சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 2022-இல் வெளியிட்ட ஸ்ருதிலிபி, 12 இந்திய மொழிகளில் 6,400 மணி நேரத்துக்கும் மேற்பட்ட தரவு. அதன் மூலம் அகில இந்திய வானொலியின் செய்தியறிக்கைகள். செய்தி ஒலியும் அதன் எழுத்துவடிவமும் ஏற்கெனவே பொதுவில் இருந்ததைக் கண்டு, இரண்டையும் பொருத்திப் பயன்படுத்தியது கூர்மையான யோசனை. 'செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி' என்று தொடங்கும் குரலைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தத் தமிழ் எப்படிப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு ஈற்றெழுத்தும் தெளிவாக விழும். 'வந்தார்கள்' என்பதன் ளகரம்கூடத் தப்பாது.

ஃப்ளூர்ஸ் என்ற கூகுளின் சோதனைத் தொகுப்பு (2022) 102 மொழிகளை ஒரே தராசில் நிறுக்க உதவுகிறது. பெரும்பாலான பன்மொழி ஆய்வுகள் தங்கள் மதிப்பெண்ணை இதிலிருந்தே எடுத்துக் காட்டுகின்றன. ஆங்கில விக்கித் தளங்களிலிருந்து எடுத்த வாக்கியங்களை ஒவ்வொரு மொழியிலும் பெயர்த்து, அதை ஆட்களைக் கொண்டு வாசிக்கவைத்துச் செய்தது. அதாவது ஓர் அமைப்பு தமிழில் தேறியதா என்று சோதிக்கும் தாளே, ஆங்கிலத்திலிருந்து பெயர்த்து உரக்க வாசித்த தமிழ்.

இதற்கு மாறான முயற்சிகளும் இருக்கின்றன. அமெரிக்க உளவு அமைப்புகளுக்கான ஆய்வு நிறுவனமான ஐஆர்பா நடத்திய பேபல் திட்டத்தில், 2012-13-இல் தமிழ்நாட்டில் தொலைபேசி உரையாடல்களும் வாசிப்புகளுமாகச் சுமார் 350 மணி நேரம் திரட்டப்பட்டது. தொலைபேசிப் பேச்சில் குறிப்பிட்ட சொற்களைத் தேடுவது அதன் நோக்கம். இயல்பான தமிழ்ப் பேச்சின் பெரிய தொகுப்பு ஒன்று வேறொரு நாட்டின் உளவுத் தேவைக்காக உருவானது என்பதைத் தமிழ் ஆய்வுலகம் மனத்தில் வைக்க வேண்டும். 2024-இல் ஏஐ4பாரத் வெளியிட்ட இன்டிக்வாய்சஸ் இந்த நிலையை மாற்றத் தொடங்கியது. 22 மொழிகள், 145 மாவட்டங்கள், 16,237 பேர், 7,348 மணி நேரம். வாசிப்பு அதில் 9 விழுக்காடுதான். 74 விழுக்காடு தன்போக்கில் பேசியது, 17 விழுக்காடு உரையாடல்.

இதோடு சிக்கல் தீர்ந்துவிடும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் இயல்பான பேச்சு கைக்கு வந்தவுடன்தான் கடினமான கேள்வி எழுகிறது: அதை எப்படி எழுதுவது? 'வந்துவிட்டார்கள்' என்பதைப் பேசுபவர் 'வந்துட்டாங்க' என்கிறார். நெல்லைக்காரர் 'வந்துட்டாவ' என்பார். யாழ்ப்பாணத்தவர் 'வந்திட்டினம்' என்பார். எழுத்தாக்கும் பணியில் இருக்கும் பத்துப் பேரில் ஒருவர் காதில் விழுந்ததை எழுதுகிறார், ஒருவர் பாடநூல் தமிழாக்குகிறார், ஒருவர் பாதிக்குப் பாதி. மூன்றும் ஒரே தரவில் சேர்ந்தால் இயந்திரம் எதைக் கற்கும்? தன் பயிற்சியில் எது மிகுதியோ அதன் பக்கம் சாயும். மிகுதியாக இருப்பது எழுத்துத் தமிழ். 'ஆப்ல' 'போல' ஆனது இப்படித்தான் என்று கருதுகிறேன்.

பேச்சைப் பாடநூல் தமிழாக்குவது வெறும் ஒலித்திருத்தம் என்ற எண்ணமும் சரியல்ல. 'அவங்க வந்தாங்க' என்றால் வந்தது ஒரு பெரியவராக இருக்கலாம், பலராகவும் இருக்கலாம். 'அவர் வந்தார்' என்றோ 'அவர்கள் வந்தார்கள்' என்றோ எழுதுகிற கணத்தில், பேசியவர் சொல்லாத ஒரு முடிவை எழுதுபவர் எடுத்துவிடுகிறார். இது மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பைக் கேட்டெழுதியது என்று பெயரிட்டுத் தரவில் சேர்ப்பது, வெல்ஷ் என்ற பெயரில் ஆங்கிலம் சேர்ந்ததைவிட நுட்பமான தவறு. எளிதில் கண்ணில் படாது.

5. ஒரே வாக்கியத்தில் இரு மொழி

"ஆபீஸ்ல இருந்து கெளம்பும்போது கால் பண்றேன்." நாள்தோறும் எத்தனை ஆயிரம் வாய்கள் சொல்லும் வாக்கியம் இது! பன்மொழி அமைப்புக்கு இது எளிதாக இருக்கும் என்றே எண்ணுவோம். அதற்குத்தான் இரண்டு மொழியும் தெரியுமே. மேலே சொன்ன 2018-ஆம் ஆண்டு ஆய்வில் இதை ஒட்டிய சோதனை ஒன்று உண்டு. இந்தி வாக்கியத்தையும் தமிழ் வாக்கியத்தையும் ஒட்டவைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். மாதிரி நடுவில் மொழி மாறவில்லை. ஏதோ ஓர் எழுத்துமுறையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை அதிலேயே நின்றது. விஸ்பரும் 30 நொடித் துண்டு ஒன்றுக்கு ஒரு மொழிப்பெயரைச் சூட்டிவிட்டுத்தான் எழுதத் தொடங்குகிறது. பல மொழி அறிவதும் இரு மொழியைக் கலந்து கேட்பதும் வேறு வேறு திறன்கள்.

2021-இல் இந்திய மொழிகளுக்காக நடந்த பன்மொழி, மொழிக்கலப்புப் பேச்சறிதல் போட்டியில் பன்மொழிப் பிரிவில் தமிழ் இடம்பெற்றது. கலப்புப் பிரிவில் இருந்தவை இந்தி-ஆங்கிலமும் வங்காளம்-ஆங்கிலமும் மட்டுமே.

கலப்புப் பேச்சை எழுதுவதிலும் அதே கேள்விதான் திரும்பி வருகிறது. அந்தக் 'கால்' காலா, கால்பங்கா, தொலைபேசி அழைப்பா? ரோமன் எழுத்தில் எழுதினால் ஐயம் தீரும். ஆனால் 'பஸ்ஸுல', 'மீட்டிங்குக்கு' என்னும்போது ஆங்கிலம் எங்கே முடிந்து தமிழ் எங்கே தொடங்குகிறது? மொழியியலாளர் கரோல் மையர்ஸ்-ஸ்காட்டன் 1993-இல் முன்வைத்த கொள்கைப்படி, கலப்பு வாக்கியத்துக்குச் சட்டகம் தருவது ஒரு மொழி. மற்றது அதில் பொருந்துகிறது. வேற்றுமை உருபும் வினைமுடிவும் சொல்வரிசையும் தமிழுடையவை என்றால் வாக்கியம் தமிழ் வாக்கியம். அதைத் தமிழ் எழுத்திலேயே எழுதலாம் என்பது என் தீர்ப்பு. நம் கதாசிரியர்கள் நெடுங்காலமாகச் செய்துவருவதும் அதுதான்.

மறுபுறம், இன்று கைபேசியில் எழுதப்படும் பேச்சுத் தமிழில் கணிசமானது ரோமன் எழுத்தில் இருக்கிறது. பாரதி ராஜா சக்கரவர்த்தியும் பிறரும் 2020-இல் தொகுத்த 15,744 யூடியூப் கருத்துரைகளைப் பார்த்தால் இது விளங்கும். பள்ளியில் பேச்சு வழக்கைக் கொச்சை என்று ஒதுக்கியதால், அதை எழுத ஆசைப்பட்ட தலைமுறை எழுத்தையே மாற்றிக்கொண்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

6. அளவுகோல்

பேச்சறிதலின் தரத்தைச் சொற்பிழை விகிதத்தால் சொல்கிறார்கள். விடைத்தாளில் உள்ள சொற்களோடு ஒப்பிட்டு, மாறியவை, விடுபட்டவை, மிகையானவை ஆகியவற்றைக் கூட்டி, விடைத்தாளின் சொல் எண்ணிக்கையால் வகுப்பது. சொல் என்பது இங்கே இரண்டு இடைவெளிகளுக்கு நடுவில் இருப்பது. விடைத்தாளில் 'வந்துவிட்டான்' என்று இருந்து, இயந்திரம் 'வந்து விட்டான்' என்று பிரித்து எழுதினால் ஒரு மாற்றம், ஒரு மிகை: ஒரே சொல்லில் இரண்டு பிழை, அதாவது 200 விழுக்காடு. கேட்டதில் குறையே இல்லை. அகராதிக்காரர்களும் பத்திரிகைகளும் சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்று இன்னும் ஒரு முடிவுக்கு வராத மொழியில், இந்த அளவுகோல் பாதி நேரம் அச்சு மரபைத்தான் அளக்கிறது.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு, அதுதான் அபாயகரமானது. ஒப்பிடுவதற்கு முன் நிறுத்தக்குறி போன்றவற்றை நீக்கி இரு பக்கத்தையும் சமமாக்குவது வழக்கம். விஸ்பரோடு வரும் சமமாக்கும் நிரல், ஆங்கிலம் அல்லாத மொழிகளுக்கு யூனிகோடில் 'குறி' என்று வகைப்படுத்தப்பட்ட எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அங்கே இடைவெளி விடுகிறது. தமிழின் உயிர்க்குறிகளும் புள்ளியும் அதே வகையில்தான் இருக்கின்றன. காகிதத்தை எடுத்து நீங்களே செய்து பாருங்கள். 'கூலி' என்ற சொல்லில் ஊகாரக் குறியையும் இகரக் குறியையும் நீக்கினால் மிஞ்சுவது 'க ல'. 'கேலி' என்பதும் 'க ல'. 'காலி', 'கோலி', 'காலை' எல்லாமே 'க ல'. கூலி கேட்டதை இயந்திரம் கேலி கேட்டதாக எழுதினாலும் அளவுகோல் சரி என்று மதிப்பெண் போடும். காவ்யா மனோகரும் லீனா ஜி. பிள்ளையும் 2024-இல் வெளியிட்ட ஆய்வு, இந்திய மொழிகளின் மதிப்பெண்கள் இந்த முறையால் செயற்கையாக உயர்ந்து தெரிவதை எடுத்துக்காட்டியது.

இங்கே யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. உயிர்க்குறி என்பது எழுத்தின் உடம்பு என்று தெரிந்த ஒருவர் அந்த நிரலைப் படித்துப் பார்க்கும் இடத்தில் இல்லை, அவ்வளவுதான். ஆனால் அதன் விளைவைச் சுமப்பவை எழுத்தின் தோள்மேல் உயிரைச் சுமக்கும் மொழிகள் அனைத்தும்.

7. எதிர்வாதங்கள்

இந்த வாதத்துக்கு வரக்கூடிய மறுப்புகளில் வலுவானது இது: படிப்பவருக்கு வேண்டியது எழுத்துத் தமிழ்தானே? செய்தி அறைக்கும் அலுவலகத்துக்கும் 'வந்தார்' போதும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது இரண்டாம் படியாக இருக்கட்டும். முதலில் சொன்னது சொன்னபடி. அதன் மேல், வேண்டுபவருக்குச் செம்மை செய்த வடிவம். இன்டிக்வாய்சஸ் தரவில் சொன்னபடி எழுதியதற்கும் செம்மையாக்கியதற்கும் தனித்தனிக் கட்டங்கள் வைத்திருக்கிறார்கள். வழிமுறை சாத்தியமானது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. முதல் படியைத் தொலைத்துவிட்டால், நீதிமன்ற வாக்குமூலமோ வாய்மொழி வரலாறோ மருத்துவரிடம் நோயாளி சொன்னதோ, எதுவும் சரிபார்க்க முடியாததாகிவிடும்.

தரவு பெருகப் பெருக இயந்திரமே கற்றுக்கொள்ளும் என்பது அடுத்த மறுப்பு. ஒலியைக் கற்கும், சந்தேகமில்லை. எழுதும் முறையை அதற்கு யாரோ ஒரு மனிதர்தான் எழுதிக் காட்ட வேண்டும். காட்டும் கைகள் ஆளுக்கு ஒருவிதமாக எழுதினால், பத்து மடங்கு தரவு பத்து மடங்கு குழப்பத்தைக் கொடுக்கும்.

வட்டாரத்துக்கு ஒரு தமிழ் எழுதினால் மொழி சிதறிவிடும் என்ற அச்சம் பழையது. அதற்கு இலக்கியத்திலேயே பதில் இருக்கிறது.

8. ஏற்கெனவே எழுதியவர்கள்

பேச்சுத் தமிழுக்கு எழுத்து மரபே இல்லை என்று பொறியியல் கட்டுரைகளில் படிக்கும்போது வருத்தமாக இருக்கிறது. கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டாரச் சொல்லகராதி 1982-இல் வந்துவிட்டது. பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000-இல் வந்தது. கே. டானியல் யாழ்ப்பாணத்துப் பஞ்சமரின் பேச்சை எழுதினார். தோப்பில் முகமது மீரான் குமரிக் கடலோரத்து முஸ்லிம்களின் பேச்சை எழுதினார். பாமாவின் 'கருக்கு' (1992) உரையாடலோடு நிற்காமல் கதைசொல்லும் மொழியையே பேச்சு வழக்காக்கியது. 'ங்க'வை எங்கே போடுவது, 'ட்டு'வை எப்படி எழுதுவது, 'ல' உருபைச் சேர்ப்பதா பிரிப்பதா என்று இவர்கள் ஒவ்வொருவரும் பக்கம் பக்கமாக முடிவெடுத்திருக்கிறார்கள். வாசகர்களும் தடுமாறாமல் படித்திருக்கிறார்கள். மொழி சிதறவில்லை, அகன்றது.

இந்த முடிவுகளைத் திரட்டி, வட்டாரம் வட்டாரமாக ஒப்பிட்டு, பேச்சை எழுத்தாக்குபவர் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் கையேடாக்குவது தமிழ்த் துறைகள் செய்யக்கூடிய வேலை. கணினி தெரிந்திருக்க வேண்டிய தேவைகூட இதற்கு இல்லை. கையேட்டோடு ஒரு சோதனைத் தொகுப்பும் வேண்டும்: சந்தை, பேருந்து, மருத்துவமனை, வயல் என்று உண்மையான இடங்களில் பதிவுசெய்து, சொன்னபடி எழுதி, உயிர்க்குறியைத் தொடாமல் ஒப்பிடும் அளவுகோலோடு பொதுவில் வைக்கப்பட வேண்டும். பன்மொழி அமைப்பு எந்த நாட்டில் உருவானாலும் அதன் தமிழை இங்கே கொண்டுவந்து உரசிப் பார்க்கலாம்.

நாட்டார் வழக்காற்றியல், வாய்மொழி வரலாறு, வட்டார வரலாறு என்று களப்பணி செய்த பலரின் வீட்டுப் பரணில் ஒலிநாடாக்களும், அவற்றைக் கேட்டு இராப்பகலாக எழுதிய நோட்டுகளும் இருக்கின்றன. அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால், பேசியவரின் ஒப்புதலைப் பெற்று, அருகிலுள்ள பல்கலைக்கழகத்துக்கோ ஆவணக் காப்பகத்துக்கோ இரண்டையும் சேர்த்தே கொடுங்கள். நோட்டில் 'வந்தாப்ல' என்று எழுதியிருந்தால் திருத்தாமல் கொடுங்கள்.